ஏணி பிடித்த கைக்கு ஏடும் வேண்டும்!

திண்டிவனத்திலே கட்டடங்கள் எழுகின்றன. விழுப்புரத்திலே வீதிக்கு வீதி விளக்குகள் ஒளிர்கின்றன. சுவரைக் குடைந்து, குழாய் பதித்து, கம்பி இழுத்து, அந்த விளக்கை எரியவைத்தவன் யார்? காலையில் தூக்குச்சட்டியோடு பஸ் ஏறிய நம் தோழன்! அவன் வீட்டிலே இன்று ஒரு வழக்கு. பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயது மகனை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு அனுப்புவதா? அல்லது தன்னோடு ஏணி பிடிக்க அழைத்துப் போவதா?

"படித்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார் தகப்பனார். கேட்கட்டும்! உழைத்துப் பிழைப்பவன் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமல்ல, கடமை. ஆகவே நாமும் அவரோடு திண்ணையில் அமர்ந்து கணக்குப் பார்ப்போம்.

முதலில் செலவு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு. அரசு நிலையத்திலே பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் பாஸ் உண்டு, சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என வகுத்தன.

"அப்படியானால் செலவே இல்லையே!" என்று துள்ளிவிடாதீர், தோழரே! எந்த ரசீதிலும் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. இரண்டாண்டுக் கூலி!

ஏணி பிடிக்கும் பையனுக்கு நாள் கூலி 500 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 11,000. இரண்டாண்டுக்கு 2,64,000. உதவித்தொகைகள் இரண்டும் சேர்ந்து மாதம் 1,750 வந்தால், 24 மாதத்துக்கு 42,000. கழித்தால் 2,22,000. படிப்பை முடித்தவன் ஓராண்டு அப்ரண்டிஸாகத் தொழில் பழகுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2019இல் திருத்திய விதி, ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவனுக்கு மாதம் குறைந்தது 7,000 என்றது. அங்கே மாதம் 4,000 குறைவு, ஆண்டுக்கு 48,000. ஆக மொத்தம் 2,70,000 ரூபாய். அதுதான் அந்த ஏட்டின் உண்மையான விலை!

இனி வரவு. ஏடும் தொழிலும் கற்றவன், கல்லாதவனைவிட நாளுக்கு 200 ரூபாய் கூடுதலாகப் பெற்றால் மாதம் 4,400. அறுபத்திரண்டு மாதத்தில் விலை திரும்பிவிடும். 21 வயதில் வெளியே வந்தவன் 26 வயதில் கணக்கை நேர் செய்கிறான். 58 வயது வரை மீதி 32 ஆண்டும் லாபம்! ஆனால் ஒன்று. ஏட்டை வாங்கித் தொழிலைக் கற்காமல் வந்தவனுக்கு அந்த 200 கிடைக்காது. 100தான் கிடைத்தால் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கவேண்டும். சான்றிதழ் சம்பளம் தராது. சான்றிதழுக்குப் பின்னால் நிற்கும் கைதான் தரும்.

தரகர் வருவார். "மூன்றே மாதம்! கை நிறையச் சம்பளம்!" என்பார். 60,000 கேட்டால், நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுப்பீரா? இரண்டாண்டு வட்டி மட்டும் 43,200! கொடுப்பதற்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தேசியத் தொழிற்சான்றிதழ் உண்டா?" இல்லையென்றால், அந்தத் தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம், சோறு போடாது.

ஏடு எதற்கு என்போருக்கு ஒரு சான்று. 2025இல் மின்பகிர்மானக் கழகத்துக்கு 1,794 களப்பணி உதவியாளர் இடங்களை அறிவித்தது அரசுத் தேர்வாணையம். ஊதிய விகிதம் 18,800 முதல் 59,900 வரை. கேட்ட தகுதி, மின்தொழிலில் ஐ.டி.ஐ. சான்று. பத்தாண்டு கம்பி இழுத்தவனும், ஏடு இல்லாததால் எட்டி நின்றே பார்த்தான்! மாநிலம் முழுமைக்கும் அவ்வளவு இடங்கள்தாம். அதையே நம்பி அமர்ந்திருப்பதும் மடமை. ஏடு கதவைத் திறக்கும். நடந்து செல்லவேண்டியது நாம்தான்.

"ஜி.டி. நாயுடு எந்தச் சான்றிதழோடு மோட்டார் செய்தார்?" என்பர் சிலர். மெத்தச் சரி! 1937இல் மின்மோட்டார் உருவாக்கிய அந்த மேதைதான், 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றவும் காரணமாயிருந்தார். தான் ஏறிய செங்குத்துப் பாறைக்கு, பிறருக்காகப் படி வெட்டினார்!

வேறொரு ஐயமும் தோழர்களுக்கு எழும். "1953இல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்தோமே, பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்புவது அதுதானே?" இல்லை! அது, பாதி நாள் பள்ளி, மீதி நாள் தகப்பன் தொழில் என்றது. எதிர்ப்பிலே 1954இல் மடிந்தது. இதுவோ, பள்ளிப் படிப்பை முடித்தவன் தானே தேர்ந்துகொள்ளும் தொழில். மின்சாரம் எந்தக் குலத்தின் தொழில்? எந்தச் சாத்திரம் அதை எவனுக்கு எழுதிவைத்தது? மேலே படிக்க விரும்பினால், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டிலே சேரவும் வழியுண்டு.

மகனுக்கு வழி சொன்னோம், தகப்பனுக்கு? அவருக்கும் உண்டு! 21 வயது கடந்து, ஐந்தாண்டு வயரிங் அனுபவம் உள்ளவர், மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். அறிவிப்பு வரும்போது அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். கை கற்றதற்கு ஏடு சாட்சி சொல்லட்டும்.

மன்றத்திலே, டீக்கடையிலே, பஸ் நிலையத்திலே இந்தக் கணக்கைப் பேசுங்கள், தோழர்களே! ஒரு கணக்குத் தெரியாததால், ஒரு பிள்ளை ஆயுள் முழுவதும் அடுத்தவன் ஏறும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டுமா?