கண்மட்டக் கோடும் ஒரு குண்டூசியும்

ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் தூண்கள் எல்லாம் ஒரே உயரம். ஆனால் ஒரு முனையில் நின்று பார்த்தால், தள்ளிப் போகப் போக அவை குட்டையாகி, நெருங்கி, ஒரு புள்ளியில் ஒடுங்குவதுபோல் தெரியும். இந்தத் தோற்றத்தைத் தட்டையான தாளில் கணக்குப் பிசகாமல் கொண்டுவரும் முறையே பெர்ஸ்பெக்டிவ். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாரன்ஸ் நகரக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி இதைச் செய்து காட்டினார். 1435-இல் ஆல்பர்ட்டி என்ற அறிஞர் ஓவியம் பற்றிய தம் நூலில் இதை விதிகளாக எழுதிவைத்தார்.

புதிதாகக் கற்பவர் முதலில் போட வேண்டியது கண்மட்டக் கோடு. பார்ப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் தாளின் குறுக்கே செல்லும் படுக்கைக் கோடு அது. கடற்கரையில் வானும் கடலும் சேரும் இடமாக அதை நேரிலேயே பார்க்கலாம். மாடிக்கு ஏறினால் அதுவும் கூடவே ஏறும். பார்ப்பவரை விட்டு விலகிச் செல்லும் இணைகோடுகள், தரைக்கு இணையாக இருந்தால், இந்தக் கோட்டிலுள்ள ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அதுவே மறைபுள்ளி. கண்ணுக்கு மேலே உள்ள உத்தரம் அதை நோக்கி இறங்கும். கீழே உள்ள தரை ஏறும். பெரும்பாலான பிழைகள் இந்தக் கோட்டைப் போடாமல் தொடங்குவதால் வருபவை. மேசை நீள்சதுரம் என்று மனத்துக்குத் தெரியும். கண் பார்ப்பதை விட்டுவிட்டு, கையும் நீள்சதுரத்தையே வரைந்துவிடும்.

அடுத்த சிக்கல் தூண்களின் இடைவெளி. அதைக் குத்துமதிப்பாகக் குறைத்துக்கொண்டே போனால் படம் கெடும். முதல் தூணின் உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும். இரண்டாம் தூணைப் பொருத்தமான இடத்தில் நிறுத்தியபின், முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு. அது அடிக்கோட்டைத் தொடும் இடமே மூன்றாம் தூணுக்கு உரியது. நான்காவதற்கும் இதே வழிதான். அளவுகோலில் அளக்காமலே இடைவெளி சரியாக அமையும்.

வீட்டின் மூலை முன்னால் நின்றால் மறைபுள்ளி இரண்டாகும். இரண்டும் கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும். அவற்றைத் தாளுக்குள் நெருக்கி வைத்தால் வீடு கூர்ந்து பிதுங்கும். தாளைத் தாண்டி, வரைபலகையின் ஓரங்களில் வைப்பது நல்லது.

மிலான் நகரில் லியனார்டோ தீட்டிய ‘இறுதி இராவுணவு’ சுவரோவியத்தில் இயேசுவின் நெற்றிப்பொட்டில் ஓர் ஆணித்துளை இருக்கிறது. ஓவியத்தின் மறைபுள்ளி அதுவே. அந்த ஆணிக்குப் பதிலாக மறைபுள்ளியில் குத்த ஒரு குண்டூசி, அதில் கட்டி இழுத்துக் கோடுகளின் திசை பார்க்கக் கொஞ்சம் நூல். இன்று தொடங்குபவருக்கு இவை போதும்.