அறங்காவலர் பதவி: மாலை மரியாதை அல்ல, அமானிதம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான தங்கும் இல்லம் நடத்துவோர், நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேடும்போது ஊரில் பெயர் பெற்றவர்களைத்தான் முதலில் அணுகுவார்கள். லெப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் போன்ற ஊர்களில் அது வளைகுடாவிலிருந்து திரும்பியவராகவோ, ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ, ஜமாஅத் பொறுப்பாளராகவோ இருக்கும். “உங்கள் பெயர் இருந்தால் போதும் பாய், வேலையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பார்கள். நல்ல காரியம்தானே என்று நாமும் கையெழுத்திட்டு விடுகிறோம். அந்தக் கையெழுத்து எதற்கெல்லாம் நம்மைப் பொறுப்பாளியாக்குகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்பு ஒன்றைக் கேட்டபோது, அது ஓர் அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அனாதையின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டாம் என்று அவருக்கு அறிவுரை கூறினார்கள். அபூதரின் இறையச்சத்தில் எந்தக் குறையும் இல்லை. நிர்வாகம் என்பது நல்லெண்ணத்தோடு திறமையையும் நேரத்தையும் கேட்கும் பணி என்பதே இதிலுள்ள பாடம்.

இரண்டு சம்பவங்கள், ஒரு பாடம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களைத் தங்க வைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பங்கள் பாதுகாப்பான இடம் என்று நம்பித்தான் விட்டுச் சென்றன. அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் செய்தியில் அடிபட்டது. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு தாக்கலானது. அதைத் தொடர்ந்து அதிகாரிகள் சோதனையிட்டு, 140க்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து மீட்டனர். நிர்வாகிகள் கைது செய்யப்பட்டனர்.

இவ்விரண்டு இடங்களிலும், உள்ளே போய்ப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாக இருப்பதுதான் நிர்வாகக் குழு உறுப்பினரின் வேலை. சோறு ஊட்டுவதும் மருந்து கொடுப்பதும் பணியாளர்களின் வேலை. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், நடக்காதபோது தடுத்து நிறுத்துவதும் குழுவின் வேலை.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, பதிவு. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருப்பது மட்டும் போதாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் நடத்தக் கூடாது. அந்தச் சான்றிதழைப் பார்வையில் படும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். மனநோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமானால் மனநலச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்கலாம்.

இரண்டாவது, குழுவில் இருப்பவர்கள் யார் என்பது. கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர் என்றிருந்தால் அங்கே யார் யாரைக் கேள்வி கேட்பது? தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் நல்ல முன்மாதிரி. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அதைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் செயலாளராகச் சேர்ந்தார். யாருக்காக நிறுவனம் நடக்கிறதோ அவர்களே முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவரும் உடனிருக்கிறார். நாம் சேரும் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளியாவது, ஒரு பெற்றோராவது, ஒரு பெண்ணாவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பணம். தணிக்கை செய்த கடைசி மூன்று ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். தரத் தயங்கினால் சேராதீர்கள். வெளிநாட்டுப் பணத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையுள்ள ஒருவர் துபாயிலிருந்து தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் வராது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரோ, அங்குள்ள அமைப்போ அனுப்பினால் வரும். அந்தச் சட்டத்தின்கீழ் அனுமதி இல்லாத இல்லம் அத்தகைய பணத்தைப் பெறவே கூடாது. ஜகாத் பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஹனஃபி, ஷாஃபிஈ சட்டப்படி அது தகுதியுள்ளவரின் கைக்குச் சேர வேண்டிய பணம். அதில் சுற்றுச்சுவர் கட்ட முடியாது.

சேர்ந்த பின் செய்ய வேண்டியவை

சொல்லாமல் போய்ப் பாருங்கள். இரவிலும் ஒருமுறை போங்கள். வெளிக்கதவின் சாவி யாரிடம்? தீப்பிடித்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர் எந்த வழியாக வெளியேறுவார்? பெண்கள் தங்கும் பகுதியில் இரவுப் பணியில் பெண் பணியாளர் இருக்கிறாரா? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா? சேர்க்கைப் பதிவேட்டில் வந்தவர், போனவர், எங்கே போனார் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா? தங்கியிருப்பவருக்கு உதவித்தொகை வந்தால், அந்த வங்கிக் கணக்கை இயக்குவது யார்?

பிறகு, அங்கே வாழ்பவர்களிடம் பேசுங்கள். பேச்சு வராதவர் முகத்தாலும் கையாலும் சொல்வார். பணியாளர் அருகில் வந்ததும் அவர் ஒடுங்கிப் போகிறார் என்றால் ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், சட்டப்படி அவர் தனிமனிதர். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாவலர் நியமனம் பெறலாம். மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். “எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்” என்று கலங்கும் வாப்பா, உம்மாவுக்கு இந்தத் தகவலைச் சேர்ப்பதே பெரிய ஸதகா.

தவறைக் கண்டால்

குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அடி, பட்டினி, பாலியல் துன்புறுத்தல் போன்றவையானால் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம்.  பொறுப்பில் இருப்பவரே தெரிந்து உணவோ தண்ணீரோ மறுத்தால், 92ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

“நல்ல காரியம் செய்கிற இடம், பெயர் கெட்டுவிடுமே” என்று சிலர் தடுப்பார்கள். இல்லத்தின் பெயரைக் காப்பாற்ற அங்கே வாழ்பவரைக் கைவிட்டால், அந்த இல்லம் எதற்கு?

ராஜினாமா செய்துவிட்டு ஒதுங்குவதும் முழு விடுதலை ஆகாது. அறிந்ததை உரிய இடத்தில் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம். மாதம் இரண்டு நாள் ஒதுக்க முடியுமானால், கணக்குப் பார்க்கத் தெரியுமானால், முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் துணிவு இருக்குமானால், நம் மாவட்ட இல்லங்களுக்கு உங்களைப் போன்றவர்கள் அவசியம் தேவை. அந்த நேரம் இல்லையென்றால் நன்கொடை மட்டும் கொடுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள். ஏற்ற அமானிதத்தை நிறைவேற்றும் நல்லருளை அல்லாஹ் நமக்குத் தருவானாக!