இரும்புக் கதியால்

மருதமுனை தொடங்கி நிந்தவூர், அக்கரைப்பற்று ஈறாக நீளும் நமது கடலோர ஊர்களில், வேலி என்பது ஒரு காலத்தில் உயிருள்ள பொருளாக இருந்தது. பூவரசும் கிளுவையும் முள்முருங்கையும் கதியாலாக ஊன்றப்பெற்று, மாரி மழையில் துளிர்விட்டு, இடையே கிடுகு தாங்கி நின்றன. பின்னர் முட்கம்பி வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக் கமக்காரர் ஜோசப் கிளிடன் 1874 இல் காப்புரிமை பெற்ற அக்கம்பி, நம் ஒழுங்கைகளுக்கு வந்தபொழுது இரும்புத் தூணையும் உடனழைத்து வந்தது. வேர்விட்ட பூவரசைப் பெயர்ப்பதிலும் வேரில்லாத இவ்விரும்பைப் பெயர்ப்பது கடினம் என்றால் அன்பர்கள் நகைக்கக் கூடும். செய்து பார்த்தவர் நகையார்.

காரணம் துருவே. இரும்பு துருவாகுமிடத்துப் பருமனிற் பன்மடங்கு பெருக்கும். உப்புக் குடித்த மணலைத் தன்னோடு பிணைத்துக் கல்லுப்போல ஒரு கவசம் பூண்டுகொள்ளும். அன்றியும், ஈரமும் காற்றும் ஒருங்கே படும் நிலமட்டத்திலேதான் அரிப்பு மிகுதி. மேலும் கீழும் தடித்திருக்கும் தூண், இடையில் மட்டும் மெலிந்து நிற்கும். அதனை அறியாது தலையைப் பற்றி ஆட்டினால் ஒடிந்துவிடும். அடித்துண்டு மணலுக்குள் மறைந்து, வெறுங்காலோடு ஓடும் சிறுவருக்காகக் காத்திருக்கும். ஏற்பு ஊசிக்கென மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளைகளை நான் அறிவேன்.

சென்ற ஆண்டு என் ஒழுங்கையில் இரு சகோதரிகளின் வளவுகளுக்கிடையே நின்ற வேலியை அகற்றி மதில் எழுப்பத் துணிந்தார்கள். நம் பகுதியில் வீடும் வளவும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்வதால், உடன்பிறந்தாள்கள் அடுத்தடுத்து வாழ்தல் வழக்கம். ஆகவே வேலிச் சண்டை பெரும்பாலும் குடும்பச் சண்டையே. இவ்விருவரும் மூன்று மாதமாகப் பேசாதவர்கள். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 90 அடி வேலி ஒரு சாண் விலகினாற் போதும், ஏறக்குறையக் கால் பேர்ச் கைமாறிவிடும். மணற்றரையிலோ, தூணைப் பிடுங்கிய மறுகணமே குழி தானாக மூடிக்கொள்ளும். பிறகு எல்லைக்குச் சாட்சி ஏது? 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோளில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். அதன் பின்பு, மதிலும் மரமும் போன வெறுமணலில், ஒடிந்த இரும்புத் துண்டுகளைத் தேடி எல்லை குறித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆதலால், முதலில் நூல் கட்டுங்கள் என்றேன். ராத்தா ஒரு முனையிலும் தங்கை மறுமுனையிலும் பிடித்தனர். (நில அளவையாளர் நாட்டிய கல் இருப்பின், அதனை அகற்றுதல் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க.)

பிறகு வேலை எளிது. தூணின் தலையில் மெதுவாக இரண்டொரு அடி. ஒரு விரற்கடை கீழிறங்கினால் துருவின் பிடி உடைந்தது என்று பொருள். சுற்றிலும் ஒரு முழம் மண்ணை அகற்றி, மெலிந்த இடத்துக்குக் கீழே சங்கிலியைச் சுற்ற வேண்டும். ஆறடி அலவாங்கின் நுனியைச் சங்கிலியிற் கோத்து, அரை அடி தள்ளி மரக்கட்டையை அண்டை கொடுத்தால், கைப்பக்கம் ஐந்தரை அடி எஞ்சும். ஒருவர் 40 கிலோ அழுத்தினால், தூணை 440 கிலோ தூக்கும். கிணற்றுத் துலாவில் நீரிறைத்தவருக்கு இக்கணக்குப் புதிதன்று. கட்டைக்கு அடியிற் பலகை இல்லையேல் அதுவே மணலிற் புதையும். தூணைச் சுற்றி நீரூற்றினால் மணலின் பிடி தளரும். ஆனால் நமது மணல் நீரை உடனே குடித்துவிடும் ஆதலின், ஊற்றும்போதே தூக்க வேண்டும். மேற்கே வயற்காணிக் களியில் இவ்வழி பலிக்காது. ஈரக்களி உறிஞ்சிப் பிடிக்கும். ஈரம் வற்றி வெடிப்பு விடும்வரை அங்கே பொறுத்தலே முறை.

பதினொரு தூண்களுள் பத்து, லுஹர் பாங்குக்கு முன்பே வெளிவந்தன. பழைய இரும்பு வாங்குபவர் நிறுத்து எடுத்துச் சென்றார். ஒழுங்கை முனையில், கொங்கிறீற்றிற் கால் புதைத்து நின்ற பதினோராவது மட்டும் அசையவில்லை. ஜக்கு கொண்டுவரலாமா என்று சகலர் இருவரும் ஆலோசித்து நிற்கையில், "அது நிக்கட்டும் தங்கச்சி, வாப்பா நட்டது" என்றார் ராத்தா. மதிலின் முதற் கல் அதனை ஒட்டியே வைக்கப்பட்டது.