இராக்கால இனிப்பு ஆசை

இராப்போசனம் முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பின்னர், பலருடைய கை சீனிப் போத்தலை நாடுகின்றது. இதனை மனவுறுதிக் குறைவென்று இகழ்வாருளர். நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. அவ்வாசையின் வேர் பெரும்பாலும் பகலிலேயே இருக்கின்றது. காலையில் வெறுந்தேநீரும் மதியத்தில் அரைவயிற்று உணவுமாகப் பொழுதைக் கழிக்கும் இல்லத்தரசியின் உடல், இரவில் தன் கடனைக் கேட்பதில் வியப்பென்ன?

ஆகவே, காலையுணவைத் தவறவிடாதிருத்தலே முதன் மருந்து. அவித்த கடலை, பயறு, முட்டை, மீன் ஆகியவை பசியை நெடுநேரம் அண்டவிடா. இரவில் இனிப்பின்றி முடியாதெனின், ஒரு கொய்யாப்பழமோ சிறு வாழைப்பழமோ போதும்.

பனங்கட்டி தீங்கற்றதென்று சிலர் எண்ணுவர். அதுவும் பெரும்பாலும் சீனிச்சத்தே. பனங்கட்டி, தேன் யாவும் அடங்க, நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டிச் சீனிக்கு மேற்படாதிருத்தல் நலமென உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டிற் கூறியது. கோப்பைக்கு 2 கரண்டியிட்டு மூன்று வேளை தேநீர் அருந்தினால், அவ்வளவும் அதிலேயே முடிந்துவிடும்.

ஒன்றை மறத்தலாகாது. நீரிழிவுக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ பெறுவோருக்கு, இரவில் வியர்வையும் நடுக்கமுமாகப் பசி எழுமாயின், அது வெறும் ஆசையன்று. குருதியிற் சீனி குறைந்தமையின் அறிகுறியாகலாம். அப்பொழுது இனிப்பை மறுத்தலே ஆபத்து. நினைவு தெளிவாயிருப்பின் உடனே சீனி கரைத்த நீரைக் கொடுத்தல் வேண்டும். நினைவு தவறின் வாயில் எதுவும் ஊற்றாது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். தேறியவரும் மறுநாளே வைத்தியரிடம் அதனைத் தெரிவிப்பாராக.