சுவரில் தொங்கும் வெளிச்சக் கணக்கு

கமரா பழக ஆரம்பிக்கும் எவரும் முதல் வாரத்திலேயே கேள்விப்படும் சங்கதி 'பொன் மணி'. சூரியன் உதித்த பின் ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம். அப்போது வெளிச்சம் பொன்னிறமாக, இதமாக இருக்கும், எடுத்ததெல்லாம் அழகாக வரும் என்று வழிகாட்டி நூல்களும் யூடியூப் ஆசான்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அதை நம்பிக் கிழக்கிலங்கையின் ஏறாவூர்ப் பொடியன் ஒருவன் சாவகாசமாகச் சைக்கிள் மிதித்துப் புன்னைக்குடாக் கடற்கரைக்குப் போய்ச் சேர்கிறான் என்று வையுங்கள். உதயமாகி முக்கால் மணி கடந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. மணல் வெளுத்திருக்கும், தோணியின் நிழல் கறுத்திருக்கும், கண்ணைச் சுருக்காமல் யாரும் கமராவைப் பார்க்க முடியாது.

நூல் பொய் சொல்லவில்லை. அது எழுதப்பட்ட இடம் வேறு. அடிவானத்திலிருந்து 6 பாகை உயரும்வரை சூரியன் தரும் வெளிச்சத்தையே பொன் என்று கொள்வோம். ஏறாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7¾ பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக, மணிக்கு 13½ முதல் 15 பாகை வரை ஏறிவிடும். ஆறு பாகைக்கு 24 முதல் 27 நிமிடம் போதும். 51½ பாகையில் இருக்கும் லண்டனிலோ ஜூன் மாதச் சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுவதால் அதே உயரத்துக்கு முக்கால் மணிக்கு மேல் பிடிக்கிறது. மாலையிலும் இதே கதைதான். சூரியன் மறைந்து இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் செக்கல் முடிந்து இருள் கவிந்துவிடும்.

பொன்னிறம் காற்றின் வேலை. உச்சிச் சூரியனின் ஒளி கடந்து வரும் காற்றின் தடிப்பை ஒன்று என்று கொண்டால், அடிவானச் சூரியனுக்கு அது ஏறத்தாழ 38. காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும்; அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பது ரேலியின் விதி. அதன்படி 450 நனோமீற்றர் நீலம், 650 நனோமீற்றர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். நீண்ட வழியில் நீலம் கழன்றுபோக, மிஞ்சி வந்து சேர்வது பொன்னும் செம்மையும். சூரியன் 6 பாகை ஏறியதும் அந்த 38, ஒன்பதாகச் சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் நம்மூர்க் கமராக்காரர் எதைப் பார்த்து நேரம் குறிப்பது? அதற்கு ஒரு செயலியும் வேண்டாம் என்பது என் கட்சி. ஏறாவூரில் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையே போதும். ஐந்து வேளையும் சூரியனின் நிலையை வைத்துக் கணிக்கப்பட்டவை. சுபஹுக்கு அடுத்த பத்தியில் உதய நேரம் இருக்கிறது. லுஹர் தொடங்குவது சூரியன் உச்சி சாய்ந்த கணத்தில். மஃரிப் என்றால் சூரியன் மறைந்தாயிற்று. இஷா, மேற்கு வானில் ஒளி முற்றாக அற்றபின்.

படம் எடுப்பவருக்கு இவற்றில் மிகவும் பயன்படுவது அஸர். நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின்படி, ஒரு பொருளின் நிழலிலிருந்து உச்சி நேரத்து நிழலைக் கழித்தால் மிஞ்சுவது அந்தப் பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் முதல் வாரத்திலும் சூரியன் ஏறாவூரின் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அன்று நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுவதால் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை; அஸரின்போது சூரியனின் உயரம் சரியாக 45 பாகை. டிசம்பரில் அது 32 பாகை வரை இறங்கும். முகத்துக்கு மேலே, ஒரு பக்கமாக, ஏறத்தாழ 45 பாகையில் விளக்கை வைப்பது உலகெங்கும் ஸ்டூடியோக்காரர்களின் பழக்கம். மூக்கும் கன்னமும் எழும்பித் தெரியும், கண்ணுக்குள்ளும் வெளிச்சம் போகும். அந்த விளக்கை அஸர் தாண்டியதும் இயற்கை காசில்லாமல் ஏற்றித் தருகிறது.

நாம் என்ன செய்கிறோம்? பெருநாள் அன்று புது உடுப்பு கசங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று பகல் பன்னிரண்டு மணிக்குக் குடும்பத்தையே முற்றத்தில் நிறுத்துகிறோம். புருவத்தின் நிழல் கண்ணில், மூக்கின் நிழல் வாயில். உம்மா முதல் கடைக்குட்டி வரை எல்லோருக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி.

நேரக் கணிதமும் ஒளியியலும் பழைய அரபு உலகில் அடுத்தடுத்த வீடுகள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆய்ந்து எழுதினார். இருட்டறைச் சுவரின் சிறு துளை வழியே, கிரகணச் சூரியன் பிறை வடிவில் விழுவதையும் ஆராய்ந்தார். இதைப் பார்க்க ஏறாவூரில் கருவி தேடவேண்டியதில்லை. தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருந்தால், சீமெந்துத் தரையில் வட்டமாக ஒரு வெளிச்சம் விழும். ஓட்டை சதுரமாக இருந்தாலும் வெளிச்சம் வட்டந்தான். அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். கூரையின் உயரத்தை 108ஆல் வகுத்தால் அதன் அகலம் கிடைக்கும். பத்தடிக் கூரை என்றால் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

வெயிலை விட்டால் அடுத்த சிக்கல் கமராவுக்குள்ளேயே இருக்கிறது. ஒளியை அளக்கும் மீற்றர் தனக்கு முன்னால் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அறியாது. எல்லாக் காட்சியும் சராசரியில் நடுச் சாம்பல், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நிறம் என்று அது நினைத்துக்கொள்கிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக ஆட்கள் நிறையும்போது படம் எடுத்துப் பாருங்கள். வெள்ளைத் துணி 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. மீற்றர் மிரண்டு ஒளியைக் குறைக்கும்; துணி அழுக்குச் சாம்பலாகும், முகங்கள் கரியாகும். கறுப்பு அபாயா நிறைந்த கூட்டத்தில் நேர்மாறு: துணி சாயம் போனதுபோல் வெளுக்கும். வெள்ளை நிறைந்தால் ஒன்று, ஒன்றரை படி கூட்டு. கறுப்பு நிறைந்தால் அதே அளவு குறை. அதற்கான பொத்தான் பெரும்பாலான கமராக்களில் உண்டு. கைபேசியில் திரையைத் தொட்டு விரலை மேலும் கீழும் இழுத்தால் போதும்.

பிலிம் காலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமாக ஓடியது. வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கொடாக் நிறுவனம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து படக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளுக்கு 'ஷேர்லி' என்று பெயர். அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. மற்றவர்களின் தோல் எப்படி வந்தது என்பது நம் வீட்டுப் பழைய அல்பங்களைப் புரட்டினால் தெரியும். பின்னாளில் பிலிமைத் திருத்த நிறுவனத்தை நெருக்கியவர்களில் சொக்கலேட் விளம்பரக்காரரும் மரத் தளபாடக் கம்பனிகளும் இருந்தார்கள். பழுப்பின் நுண்ணிய பேதங்கள் பதியவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. மனிதரின் முறைப்பாட்டைவிடத் தளபாடத்தின் முறைப்பாடு எடுபட்டது என்பது எனக்கு இன்னும் செரிக்காத செய்தி.

வேற்று வெளிச்சத்தில் பழகிய கண் இந்தத் தீவின் வெயிலைச் சந்தித்த கதைகளில் ஆகச் சுவையானது ஜூலியா மார்கரெட் கமரொனுடையது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டையே ஸ்டூடியோ ஆக்கி, டார்வின், டெனிசன் போன்றோரின் முகங்களைப் படமாக்கினார். திரைச்சீலைக்குள் வடிந்து வரும் வட நாட்டு மங்கல் வெளிச்சந்தான் அவரது மை. 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து களுத்துறையில் தங்கினார்.

அங்கே அவரைப் பார்க்க வந்தவர், தாவரங்களை வரைந்த ஓவியர் மரியான் நோர்த். கமரொன் அவரைத் தென்னோலைகளுக்கு முன்னால் நிறுத்தி, உச்சி வெயில் ஓலை இடுக்கால் கண்ணில் குத்த, இயல்பாக இருக்கச் சொல்லிப் படம் எடுத்தாராம். அப்போது வெப்பமானி 96 பரனைட் காட்டியது என்று நோர்த் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

வெயிலின் கொடுமையைச் சொல்லவே அவர் அந்த எண்ணைக் குறித்திருப்பார். இரசாயனம் தெரிந்தவருக்கு அதில் வேறொன்றும் தெரியும். 96 பரனைட் என்றால் 35.6 செல்சியஸ். அன்றைய படமுறை ஈரக் கொலோடியன்: ஈதரிலும் அல்ககோலிலும் கரைத்த பசையைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, வெள்ளி உப்பில் தோய்த்து, அது காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவி முடிக்க வேண்டும். ஈதரின் கொதிநிலை 34.6 செல்சியஸ். கரைப்பானே கொதிக்கும் சூட்டில் நின்றுதான் அந்த அம்மா படம் எடுத்திருக்கிறார். போதாக்குறைக்குக் கொலோடியனுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே தெரியும், சிவப்புக்கு அது குருடு. நம் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் சிவப்பே அதிகம் என்பதால் இயல்பைவிடக் கறுத்துத்தான் பதியும். இவ்வளவையும் மீறித் தோட்டத் தொழிலாளரை அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரியில் மலைநாட்டுத் தோட்டத்தில் காலமானார்.

அவர் தடுமாறிய அதே வெயிலைத் தனக்கு வேலைக்காரன் ஆக்கிக்கொண்டவர் லயனல் வெண்ட். 1900இல் கொழும்பில் பிறந்தவர். லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துத் திரும்பி, சட்டத்தைக் கைவிட்டவர். லைக்கா, ரொலிபிளெக்ஸ் கமராக்களோடு ஊர் ஊராய் அலைந்தார். நிழலை அவர் நிரப்ப முயலவில்லை, கறுப்பாகவே விட்டார். எண்ணெய் பூசியதுபோல் வெயிலில் மினுங்கும் தோளும் முதுகும் அந்தக் கறுப்பிலிருந்து எழும்பி வருகின்றன. இருட்டறையிலும் சும்மா இருக்கவில்லை. படம் பாதி விளங்கும்போது கணநேரம் வெளிச்சம் காட்டினால் தொனிகள் பகுதியளவில் தலைகீழாகி, விளிம்புகளில் மெல்லிய கோடு ஓடும். சோலரைசேஷன் எனப்படும் அந்த உத்தியில் கைதேர்ந்திருந்தார். 1944இல், 44 வயதில் போய்விட்டார். அவரது படங்கள் 1950இல் நூலாயின. கமரா வாங்கக் காசு சேர்க்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது வெண்டின் படங்களைத்தான். வெள்ளைக் கூடாரமும் பிளாஷும் இல்லாமல் இந்த நாட்டு வெயிலைக் கொண்டே என்னென்ன செய்யலாம் என்பது அங்கே இருக்கிறது.

ஏறாவூருக்கு இன்னொரு வாய்ப்பு: கிழக்கே கடலில் சூரியன் எழும், மறுபக்கம் வாவியில் விழும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் வடபகுதி இது. நேர்கீழே பார்த்தால் தண்ணீர், மேலே விழும் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் எதிரொளிக்கும். மிச்சம் உள்ளே போவதால் அடிமண் தெரியும். பார்வை சாயச் சாய எதிரொளிப்பு கூடி, தொலைவில் முழு வாவியும் வானத்தைக் காட்டும் தகடாகிவிடும். தோணியில் எழுந்து நின்று வீச்சுவலை எறிபவருக்கு இருந்து பார்ப்பவரைவிட மீனோட்டம் நன்றாகத் தெரிவது இதனால்தான். இடையில் ஒரு கோணம் உண்டு. நீர்மட்டத்துக்கு 37 பாகையில் பார்க்கும்போது, எதிரொளித்து வரும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிரும். முனைவாக்கும் கண்ணாடியை லென்ஸின் முன் வைத்துத் திருப்பினால் அந்த மினுக்கம் மாயமாய் மறைந்து, நீருக்கடியில் கிடக்கும் பாசியும் சிப்பியும் தெரியவரும். மினுக்கத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கைபேசி லென்ஸுக்கு முன் பிடித்துத் திருப்பினாலும் இதைப் பார்க்கலாம். செக்கலில் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள். அப்போது வேண்டியதே அந்த மினுக்கந்தான்.

கண்டல் ஓரத்தில் நிற்கும் வெள்ளைக் கொக்கு ஜும்ஆக் கூட்டத்துக்கு எதிர்வழக்கு: இருண்ட பின்னணியில் சிறு வெள்ளை. மீற்றர் இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்ட, கொக்கு இறகே இல்லாத வெள்ளைக் கடதாசி ஆகிவிடும். இங்கே குறைக்க வேண்டும்.

மாரி வந்ததும் நம்மவர்கள் கமராவைக் கட்டிப் பெட்டியில் போடுகிறார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் மப்புமாக இருக்கும்போது எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். முகங்களை எடுக்கலாம். நிழலின் கூர்மை, ஒளி வரும் பரப்பின் அளவைப் பொறுத்தது. சூரியன் வானில் அரைப் பாகை அகலந்தான். அதனால் கத்தி வெட்டிய நிழல். மப்பு வானம் முழுவதும் ஒரே விளக்கு. கமரொன் பழகிய அந்த வட நாட்டு மங்கல் வெளிச்சம் ஏறாவூருக்கு வருவதே அந்த மூன்று மாதந்தான், அதுவும் நாள் முழுக்க.

பெட்டியில் போட்டால் வேறு ஆபத்தும் உண்டு. காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால், இருட்டில் கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்திவலைபோல் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் அது இன்னும் மோசம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் உள்ளே இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். சூடாக்கிக் காயவைத்தால் மறுபடி நீலமாகும். புன்னைக்குடாவிலிருந்து வந்த அன்று கமராவின் உடலை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உப்பைப் போக்கிவிட்டே டப்பாவில் வையுங்கள். கைபேசிக்காரர்களுக்கு இந்த வேலையெல்லாம் இல்லை. பெருநாள் புரியாணி சாப்பிட்ட கை பட்ட லென்ஸைத் துடைத்துவிட்டு எடுத்தாலே, பாதிப் படங்களில் வரும் அந்தப் பனிமூட்டம் காணாமல் போய்விடும்.