மருந்து வாங்கக் கற்றுக்கொண்ட அரசு

அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்ற குறிப்பு இருக்கும். மாத்திரை வெளிக்கடைக்குப் போய்விடாதபடி போட்ட பூட்டு அது. போட்டது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் பதிவாகி, 1995-ல் வேலையைத் தொடங்கிய அரசு நிறுவனம்.

அதற்கு முன்பும் மருந்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். ஆனாலும், "வெளியில வாங்கிக்குங்க" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஒருபக்கம் தட்டுப்பாடு, மறுபக்கம் தேவைப்படாத மருந்துகள் காலாவதியாகிக் கிடந்தன.

கழகத்தை வடிவமைத்ததில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர்.பூர்ணலிங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.  வாங்கும் முறைதான் மாறியது. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, ஜெனரிக் பெயரில் உற்பத்தியாளரிடமே நேரடியாக வாங்கினார்கள். டெண்டருக்கு இரண்டு உறைகள்: தகுதிக்கு ஒன்று, விலைக்கு ஒன்று. தகுதியில் தேறாதவரின் விலை உறையைப் பிரிப்பதே இல்லை. வந்த மருந்தின் மாதிரிகள், தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். தரம் தவறியவர் கறுப்புப் பட்டியலில்.

இதில் கெட்டிக்காரத்தனம் பாஸ்புக்தான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீடு அதில் வரவாகும். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்கக் கழியும். பாம்புக்கடி அதிகமுள்ள ஊரும் சர்க்கரை நோயாளிகள் அதிகமுள்ள ஊரும் ஒரே மூட்டையைச் சுமக்க வேண்டியதில்லை. எது எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த ஊர் மருத்துவரே முடிவு செய்யலாம். பின்னாளில் அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்துக்கு ஸ்கேன் மையங்களையும் கழகம் நடத்தியது.

கேரளம் இதே வழியில் ஒரு கழகத்தை அமைத்தது. ராஜஸ்தானும் அப்படியே செய்து, 2011 அக்டோபர் 2-ல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தொழில்முனைவு என்றால் தனியார் முதலாளி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது பதில். இங்கே முனைந்தவர்கள் அரசு ஊழியர்கள், லாபம் நோயாளிக்கு.

குறையும் உண்டு. கட்டுப்படியாகாத விலைக்கு ஒப்புக்கொண்ட சப்ளையர் கைவிரித்தால், கிடங்கு காலியாகும்; பழைய வெளிச்சீட்டு மறுபடி தலைகாட்டும். எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு அரசின் கணினியில் இருக்கிறது. அதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் எழுதி வைக்கட்டும். இல்லாத மருந்தை நோயாளி கேட்டு வாங்க முடியாது; இருக்கும் மருந்தையாவது உரிமையோடு கேட்பார்.