நீக்கிய பின்னும் நீங்காத மொட்

எமது தங்கையின் மைந்தன் உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவன். இடைப்பட்ட காலத்தை அவன் 'ஸ்கைரிம்' என்னும் கணனி விளையாட்டிலே கழித்து வந்தான். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நாம் அவ்வீட்டிற்குச் சென்றபோது, மடிக்கணனியை மூடி வைத்துவிட்டுச் செத்தவீட்டுக்கு வந்தவனைப்போலத் திண்ணையில் அமர்ந்திருந்தான். பக்கத்திலே பத்து வயதுத் தங்கச்சியும் முகம் வாடி நின்றாள்.

"என்ன தம்பி, காய்ச்சலோ?" என்று கேட்டோம்.

"இல்லை மாமா. ஒரு மொட்டாலை விளையாட்டு முழுக்கப் பழுதாப்போச்சு. அந்த மொட்டை அழிச்சும் பாத்தன். அழிச்சாப்பிறகு இன்னும் மோசமாக் கிடக்கு."

அடுக்களையிலிருந்த அவன் தாயார், "ஆருக்கு மொட்டை?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். எமக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் இருவரும் சிரிக்கவில்லை.

மொட் என்பது விளையாட்டை ஆக்கியவர் அல்லாத பிறர் அதற்குச் செய்து சேர்க்கும் மாற்றம். அமெரிக்க நிறுவனமாகிய பெதெஸ்டா, ஸ்கைரிம் விளையாட்டை 2011 நவம்பர் 11 ஆந் திகதி வெளியிட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில், அதனை ஆக்கத் தான் பயன்படுத்திய கருவியையே பொதுமக்களுக்கும் வழங்கியது. 2002 இல் வெளிவந்த 'மொறோவிண்ட்' காலத்திலேயே இந்நிறுவனம் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தது. இதன் பயனாக ஊதியம் எதிர்பாராத ஆர்வலர் பலர் புதிய மரங்களும் வீடுகளும் ஆயுதங்களும் கதைகளும் செய்து குவித்தனர். விளையாட்டு இத்தனை ஆண்டு வாழ்ந்ததற்கு அவர்களே பெருங் காரணர் என்பது எமது எண்ணம். ஆனால், அவர்கள் ஒருவரையொருவர் கலந்து வேலை செய்பவர்கள் அல்லர். ஒருவர் நட்ட மரம் மற்றொருவர் கட்டிய சுவரினூடே வளர்ந்து நிற்கும்.

நிற்க. எமது மருமகன் செய்தது இது. ஒரே நாளில் எட்டு மொட்களைச் சேர்த்தான். அன்றிரவு தொடக்கம் வைற்றரன் என்னும் நகரின் வாயிலை நெருங்கும்போதெல்லாம் விளையாட்டுச் சடுதியாக அறுந்து போயிற்று. எட்டனுள் மிகப் பெரியது வீதிகளில் வழிப்போக்கரைப் பெருக்கும் மொட். பெரியவனே குற்றவாளி என்று தீர்மானித்து அதன் கோப்பை அழித்துவிட்டான். மறுமுறை திறந்தபோது, இச்சேமிப்பு இப்பொழுது இல்லாத பொருள்களை நம்பியிருக்கின்றது, தொடரலாமா என்று விளையாட்டே எச்சரித்தது. அவன் 'ஆம்' என்றான். வாயிலில் அறுவது நிற்கவில்லை. அதற்குமேல், நடந்துகொண்டிருந்த கதைகளும் இடைவழியில் உறைந்து நின்றன.

கோப்பை அழித்தும் மொட் ஏன் போகவில்லை? சேமிப்புக் கோப்பு என்பது அந்த நாடு முழுவதையும் எழுதி வைப்பதன்று. நாடு விளையாட்டின் கோப்புகளில் இருக்கின்றது. அதிலே ஆடுபவர் வரவால் மாறியவை மட்டுமே சேமிப்பில் ஏறும். அவற்றோடு, இயங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஸ்கிரிப்டும், அஃதாவது கட்டளைத் தொடரும், எந்த இடத்தில் நின்றது, என்னென்ன மதிப்புகளை வைத்திருந்தது என்பதும் பதிவாகும். கடைக்காரர் ஊரைவிட்டுப் போனாலும் கடன் கொப்பியில் அவர் பெயர் இருப்பதுபோல, மொட் போனபின்னும் அதன் பதிவுகள் சேமிப்பிலே கிடக்கும். விளையாட்டு அவற்றுக்குரியவரைத் தேடும், காணாது.

ஆகவே மொட்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. நிறத்தையும் உருவத்தையும் மட்டும் மாற்றுவனவற்றை எப்பொழுதும் எடுத்துவிடலாம்; சேமிப்பில் அவை வேர் விடுவதில்லை. ஸ்கிரிப்ட் உள்ளனவும் புதிய மாந்தரையும் கதைகளையும் சேர்ப்பனவும் அப்படியல்ல. அவற்றை ஓர் ஆட்டத்தின் நடுவே சேர்ப்பதானால் முடிவுவரை வைத்திருப்பதென்று எண்ணியே சேர்த்தல் வேண்டும். மொட்டின் பட்டியலிலே அதனை நிறுத்தும் பொத்தான் இருப்பின், முதலில் நிறுத்தி, அது தந்த பொருள்களைக் கழற்றி வைத்து, ஒரு வீட்டினுள் சென்று சற்றுப் பொறுத்துச் சேமித்து, அதன் பின்னரே கோப்பை எடுப்பது வழக்கம். இதுவும் தீங்கைக் குறைக்குமேயன்றி முற்றாகப் போக்கும் என்று சொல்ல நாம் துணியோம்.

இனி, குற்றவாளியைக் காணும் வழி. நாமும் இவ்விளையாட்டில் இரவுகள் சிலவற்றைக் கெடுத்தவர்களே ஆதலால், நோய்க்குறிகள் சில எமக்குப் பழக்கம். விளையாட்டின் முதற் படம் தோன்றும்போதே அறுந்தால், ஒரு கோப்பு நம்பியிருக்கும் தாய்க்கோப்பு இல்லையென்று பெரும்பாலும் கொள்ளலாம். பொருள்கள் கத்தரிப்பூ நிறமாய்த் தெரிந்தால் அவற்றின் மேற்பூச்சுப் படம் காணப்படவில்லை. மாந்தர் கைகளை விரித்துத் தோட்டத்து வெருளிபோல நின்றால் அசைவுக் கோப்புகள் பழுது. கழுத்து வெள்ளையாகவும் முகம் கரியாகவும் இருந்தால், ஒரே ஆளை இரண்டு மொட்கள் மாற்றியுள்ளன; ஆளின் விபரம் ஒன்றிலிருந்தும் முகத்தின் வடிவம் மற்றொன்றிலிருந்தும் வந்து பொருந்தாது நிற்கின்றன. பின்னே ஏற்றப்படுவது முன்னையதை வெல்லும் என்பது இவ்விளையாட்டின் விதி. வரிசையைத் திருத்தி இரண்டும் ஒருவரிடமிருந்தே வரச் செய்தால் முகம் தெளியும்.

எமது மருமகனுக்கு இத்தகைய குறி எதுவும் இல்லை. இடம் மட்டுமே தெரிந்தது. அவனிடம் எஞ்சியிருந்த மொட்கள் 64. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதாயின் விடிந்துவிடும். எனவே பாதிக்குப் பாதி என்ற முறையைக் கையாண்டோம். 32 ஐ நிறுத்திவிட்டுப் பார்த்தல். அறுந்தால் குற்றம் நின்றவற்றுள், அறாவிட்டால் நிறுத்தியவற்றுள். பின் 16, பின் 8. ஆறே சோதனையில் 64 ஒன்றாகிவிடும். தாய்க்கோப்பையும் அதனை நம்பிய கோப்புகளையும் பிரியாமல் ஒரே பக்கத்தில் வைத்தல் வேண்டும். பழுதான சேமிப்பிலே இதனைச் செய்தலும் ஆகாது. கட்டளைப் பெட்டியின் மூலம் புதிய ஆட்டமாக நேரே வைற்றரனுக்குச் சென்று பார்த்தோம்.

இரவு ஒன்பது மணியளவில் உண்மை வெளிப்பட்டது. குற்றவாளி வழிப்போக்கர் மொட் அன்று! நகர்வாயிலின் முன் மரங்களையும் கடைகளையும் வைத்த ஒரு சிறிய மொட். அதனை எக்ஸ்எடிட் என்னும் கருவியிலே திறந்து பார்த்தோம். கதைமாந்தர் எங்கெங்கே கால் வைக்கலாம் என்று கணனிக்குக் காட்டும் கண்காணா வலை ஒன்று நிலமெங்கும் விரிந்திருக்கும். இம்மொட்டை ஆக்கியவர் அவ்விடத்து வலைத் துண்டொன்றை அழித்திருந்தார். அறிந்தவர்கள் அதனை அழிப்பதில்லை. நிலத்தின் கீழ் தாழ்த்தி விடுவர். ஏனெனில் அத்துண்டை வேறு கோப்புகள் தேடி வரும். காணாதவிடத்து விளையாட்டு அறும்.

குற்றமற்றதை அழித்ததனால் இரண்டாவது நோயையும் அவனே வருவித்துக்கொண்டான் என்பதை நாம் சொல்லாமலே தம்பி விளங்கிக்கொண்டான்.

மொட்டிலே பிழையில்லாமல் விளையாட்டே மாறிவிடுவதும் உண்டு. 2021 நவம்பரில், பத்தாண்டு நிறைவை முன்னிட்டு வந்த புதுப்பித்தலால், விளையாட்டின் குறித்த ஒரு பதிப்புக்கென்றே ஆக்கப்பட்ட மொட்கள் பல ஒரே இரவில் செயலிழந்தன. இன்னொன்று: 2000 இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேற் 2' விளையாட்டின் மொட்களை ஏற்றும் 'வைடு' என்னும் கருவி, உறியில் அடுக்கிய சட்டிகளுள் நடுச்சட்டியை எடுப்பவரைப்போல, மேலுள்ள மொட்களையெல்லாம் இறக்கி, வேண்டாததை எடுத்து, மற்றவற்றை மீண்டும் ஏற்றும். ஸ்கைரிமுக்கும் கோப்புகளைத் தனியே வைத்திருந்து ஆடும்போது மட்டும் காட்டும் நல்ல மேலாளர்க் கருவிகள் உண்டு. ஆனால் அவை காப்பது விளையாட்டின் கோப்புறையை, சேமிப்பையன்று.

சேமிப்பைத் துப்புரவு செய்யும் 'ரீசேவர்' என்ற கருவியும் உள்ளது. உரியவர் இல்லாத பதிவுகளை அது பொறுக்கி எடுக்கும். பல மணி நேரம் சென்ற பின் மறுபடி உடைந்தால் அதுவரை ஆடியதும் வீணாகுமாதலின், நாம் அதனை விரும்பவில்லை. அந்த எட்டு மொட்களுக்கும் முற்பட்ட சேமிப்பு உண்டோ என்று தேடினோம். விளையாட்டுத் தானாகச் சேமிப்பவை மூன்று மட்டுமே. புதியது பழையதன்மேல் எழுதப்பட்டுவிடும். நற்காலமாக, முதலாவது பறவை நாகத்தைக் கொன்ற அன்று, தங்கச்சிக்குக் காட்டுவதற்கென்று அவன் கையாற் சேமித்தது ஒன்று கிடந்தது. அதற்குப் பிந்திய 41 மணி நேரத்து ஆட்டத்தைக் கைவிட வேண்டும். தம்பி சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "சரி மாமா" என்றான்.

அழுதவள் சிறியவள்தான். வைற்றரன் வீதியில் லூசியா என்றொரு பிச்சைக்காரச் சிறுமி இருப்பாள். அந்நகரில் வீடு வாங்கி, அவளை மகளாக எடுக்கும்படி அண்ணனை நச்சரித்து எடுப்பித்தவள் இவளே. பழைய சேமிப்பைத் திறந்தபோது விளையாட்டு அறவில்லை. வாயிலைக் கடந்து உள்ளே போனோம். லூசியா மறுபடியும் வீதியிலே நின்றாள்.

"அண்ணா, வீடு என்ன விலை?"

"ஐயாயிரம் பொன்."

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"ஆயிரத்து எண்ணூறு."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிரையை அண்ணனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.